ஈடில்லாக் கடனும் கடற்கரைத் தொழிலும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சிறுதொழில் செய்பவர்களுக்கு ஈடு இல்லாமல் வங்கிகள் தரும் முத்ரா கடன் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து, அதாவது வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே சாயல்குடி வரையிலிருந்து, பல கடிதங்கள் வந்துள்ளன. வங்கிப் பணியில் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். கருவாடு காயவைக்கக் கூடாரம் போடவும் சரக்கு எடுக்கவும் 3 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. ஒரு தனியார் வங்கியிலிருந்து வந்த தம்பி, "இது அரசாங்கம் பொறுப்பேற்ற கடன் அக்கா, உங்களால் கட்ட முடியாமல் போனால் அரசாங்கமே கட்டிவிடும்" என்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகி, பாம்பன்

அரசாங்கம் பொறுப்பேற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பொறுப்பு வங்கிக்குக் கொடுக்கப்படுவது, உங்களுக்கு அல்ல. இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதால்தான் பல குடும்பங்கள் பிறகு திண்டாடுகின்றன.

மத்திய அரசும், சிறுதொழில் வளர்ச்சிக்கான சிட்பி வங்கியும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் குறு, சிறு தொழில்களுக்காக ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளையை அமைத்தன. வங்கிக்காரர்கள் அதை சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். இந்த அறக்கட்டளை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கடன் தருவதில்லை. அரசு வங்கிகள், தனியார் வங்கிகள், சிறு நிதி வங்கிகள், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் ஆகியவை அதில் உறுப்பினராகச் சேர்ந்து, தங்களிடமுள்ள பணத்தைத் தங்கள் வட்டி விகிதத்தில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனுக்கு அறக்கட்டளையிடம் உத்தரவாதம் வாங்கிக்கொள்கின்றன. அதற்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணம் உண்டு. 10 லட்சம் வரையிலான கடனுக்கு அது 0.37 சதவீதத்திலிருந்து தொடங்குகிறது. சலுகை எதையும் சேர்க்காமல் உங்கள் 3 லட்சத்துக்குக் கணக்கிட்டால் முதல் ஆண்டில் 1,110 ரூபாய் வரும், பெரும்பாலும் அதை உங்கள் தலையில்தான் வைப்பார்கள்.

நீங்கள் தவணை தவறி, கணக்கு வாராக்கடனாகிவிட்டால், வங்கி அறக்கட்டளையிடம் இழப்பீடு கேட்கும். 5 லட்சம் வரையிலான குறுந்தொழில் கடனில் 85 சதவீதம் வரையும், பெண்கள் நடத்தும் தொழிலென்றால் 90 சதவீதம் வரையும் வங்கிக்குக் கிடைக்கும். வங்கிக்குப் பணம் வந்துவிட்டதால் உங்கள் கடன் கழிந்துவிடுவதில்லை. வங்கி உங்களிடம் தொடர்ந்து வசூலிக்கக் கடமைப்பட்டது. அப்படி வசூலாகும் தொகையில் அறக்கட்டளைக்கு உரிய பங்கு அங்கே போகும். கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் சிபில் அறிக்கையில் உங்கள் பெயருக்கு நேரே ஏறிய கறையும் அப்படியே இருக்கும். ஊரில் ஒருவருக்கு ஜாமீன் நின்றவர், அவர் கட்டாததைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதில்லையா, அதைப் போன்றதுதான் இது.

"அரசாங்கக் கடன்" என்ற சொல்லே மக்களை ஏமாற்றிவிடுகிறது என்பது என் எண்ணம். 2021-இல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நினைவில் இந்தக் கடனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு தனியார் வங்கி தன் வைப்பாளர்களின் பணத்தைக் கொடுத்த கடனுக்கு அப்படியொரு தள்ளுபடியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது.

அப்படியானால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். வீட்டுப் பத்திரத்தையோ நகையையோ ஈடு கேட்காமல், வேறொருவரை ஜாமீனுக்கு அழைத்துவரச் சொல்லாமல் கடன் கிடைக்கிறது என்பதே பயன். அது சிறிய பயன் அல்ல. கடனை வாங்குங்கள், ஆனால் அந்தத் தம்பி சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள்.

மீன் ஏற்றும் சிறிய வண்டி ஒன்று வாங்க முத்ரா திட்டத்தில் 8 லட்சம் கேட்டேன். கிளை மேலாளர் வீட்டுப் பத்திரம் கொண்டுவரச் சொல்கிறார். எங்கள் வீடு புறம்போக்கில் இருப்பதால் பட்டா கிடையாது. வண்டியையும் வங்கி பெயரில் எழுதவேண்டும் என்கிறார். இது சரியா?
— ஒரு வாசகர், மண்டபம்

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறுவது சரியே. கடன் பணத்தில் வாங்கும் பொருள் கடன் தீரும்வரை வங்கிக்குப் பொறுப்பாக இருக்கும். முத்ராவாக இருந்தாலும் வேறெந்தத் திட்டமாக இருந்தாலும் அது பொதுவான நடைமுறை. அதற்கு மேல் வீட்டுப் பத்திரம் கேட்பதுதான் தவறு. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. தனியார் வங்கிக்கும் அந்த உத்தரவு பொருந்தும்.

முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8-ஆம் தேதி தொடங்கப்பட்டது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று மூன்று படிகள் இருந்தன. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரும் தருண் பிளஸ் 2024-இல் சேர்ந்தது. நீங்கள் கேட்பது தருண். இந்தக் கடன்களுக்குக் குறுந்தொழில்களுக்கென்றே தனியாக ஒரு உத்தரவாத நிதி இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன அறக்கட்டளையிலிருந்து இது வேறானது, வங்கி கொடுத்த முத்ரா கடன்களையெல்லாம் ஒரு கட்டாகச் சேர்த்து அதற்கு உத்தரவாதம் தருவது. ஆகவே மேலாளருக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கடலோரக் குப்பங்களில் பல தலைமுறையாகக் குடியிருந்தும் கையில் பட்டா இல்லாத குடும்பங்கள் நிறைய. பத்திரம் கேட்பது அவர்களைப் பொறுத்தவரை "இல்லை" என்று சொல்வதற்கு இன்னொரு வழி. ஆனால் மேலாளரோடு வாக்குவாதம் செய்வதால் ஆவது எதுவுமில்லை. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 25 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்கு 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. மறுத்தால் காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். "பத்திரம் தராததால் மறுக்கிறோம்" என்று எந்த மேலாளரும் எழுதித் தரமாட்டார், எனவே பேச்சு அங்கிருந்து வேறு திசையில் போகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஈடு கேட்கக்கூடாது என்பதுதான் விதியே தவிர, கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தாகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் தொழில் ஓடுமா என்று எடைபோட்டு மறுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கடனை உத்தரவாதத் திட்டத்தில் சேர்ப்பதும் வங்கியின் விருப்பமே, நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இராமநாதபுரம் 2018-இல் நிதி ஆயோக் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் விருதுநகரோடு சேர்த்து இரண்டு மாவட்டங்கள்தாம் அந்தப் பட்டியலில் உள்ளன. அத்தகைய மாவட்டத்துக் கடன்களுக்கு அறக்கட்டளையின் கட்டணத்தில் சலுகை உண்டு. முத்ராவில் நடக்காமல் போனால் இதை மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

முத்ரா கடன் 5 லட்சம் ஒப்புதலாகிவிட்டதென்று வாட்ஸ்அப்பில் பிரதமர் படம் போட்ட கடிதம் வந்திருக்கிறது. முன்கூட்டியே கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

கட்டாதீர்கள். முத்ரா நிறுவனம் தனிநபருக்கு நேரடியாகக் கடன் தருவதுமில்லை, ஏஜென்ட் வைத்துக்கொள்வதுமில்லை. விண்ணப்பிக்காத கடனுக்கு ஒப்புதல் வராது. பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு.

இராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கு ஐஸ், கயிறு, வலைச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். தனியார் வங்கியில் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் 3 லட்சம் வாங்கினேன். தடைக்காலத்தில் கடையில் வியாபாரமே இல்லை. இரண்டு தவணை நின்றுவிட்டது. தினமும் போன் செய்கிறார்கள். தடைக்காலம் அரசாங்கம் போட்டதுதானே, வங்கி அதை ஏற்கவேண்டாமா?
— ஒரு வாசகர், இராமேசுவரம்

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாட்களாக இருந்த தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்குக் கிடைக்கும், ஐஸ் கடைக்காரருக்குக் கிடைக்காது. அந்த 61 நாட்களில் கடலை நம்பிக் கரையில் தொழில் செய்பவர்களின் நிலையை எந்தத் திட்டமும் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. படகு கட்டிக்கிடப்பது அந்த இரண்டு மாதத்தில் மட்டும்தானா? புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை. எல்லை தாண்டியதாக மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் வேலைநிறுத்தம். இவையெல்லாம் வங்கியின் கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தவணை விழும் மாதம் ஐந்தாம் தேதி மட்டுமே.

இதில் என் பங்குக்கு நானும் ஒரு பிழை செய்திருக்கிறேன். அந்தக் கிளைக்குப் போன புதிதில் ஒரு மீன்பெட்டி வியாபாரிக்கு, அச்சடித்த படிவத்தில் உள்ளபடியே பன்னிரண்டு மாதமும் ஒரே தவணையாகப் போட்டுக் கொடுத்தேன். முதல் ஆண்டு மே மாதத் தவணையை அவர் சொன்ன தேதியில் கொண்டுவந்து கட்டினார். கவுண்டரில் பணத்தை எண்ணும்போது நோட்டுகளோடு ஒரு அடகுக் கடை ரசீதும் கலந்து வந்தது. மனைவியின் சங்கிலி. அவர் பேசாமல் ரசீதை மட்டும் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஈடில்லாக் கடன் என்று சொல்லிக் கொடுத்தது நான். ஈடு வேறொரு கடைக்குப் போய்விட்டிருந்தது.

ஆகவே, கடன் வாங்கும்போதே தவணை அட்டவணையைப் பேசி முடிக்கவேண்டும் என்பதைக் கடற்கரையில் தொழில் செய்யும் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு கணக்குப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டி, மூன்று ஆண்டு என்றால் மாதத் தவணை 9,964 ரூபாய். முப்பத்தாறு தவணையும் சேர்ந்து வட்டி ஏறத்தாழ 58,700 ரூபாய். இதையே ஜூலை 1-ஆம் தேதி கடனைப் பெற்று, ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் இரண்டு மாதங்களில் தவணையே இல்லாமல், மற்ற பத்து மாதங்களில் கட்டுவதாக அமைத்தால் மாதம் 11,863 ரூபாய் வரும். அப்படிக் கட்டும் முப்பது தவணையில் வட்டி ஏறத்தாழ 55,900 ரூபாய்தான். படகு ஓடும் மாதங்களில் கூடுதலாகக் கட்டி அசலைச் சீக்கிரம் குறைப்பதால், இரண்டு மாதம் கட்டாமல் இருந்தும் வட்டி கூடுவதற்குப் பதிலாகச் சற்றுக் குறைகிறது. வங்கிக்கும் இதில் நட்டமில்லை. வருமானம் வரும் காலத்துக்கு ஏற்பத் தவணை வைப்பது வங்கிக்குப் புதிதும் அல்ல, பயிர்க்கடனை அறுவடையை ஒட்டித்தானே திருப்பிக் கேட்கிறார்கள். "எங்கள் சாஃப்ட்வேரில் இடமில்லை" என்று சிலர் சொல்வார்கள். அப்போது தவணைக் கடனுக்குப் பதிலாக, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி போடும் கேஷ் கிரெடிட் கணக்காகக் கேட்கலாம். சரக்கு வாங்கி விற்கும் உங்களைப் போன்ற கடைக்கு அதுவே பொருத்தம். அதிலும் மாதாமாதம் ஏறும் வட்டியைக் கட்டிவிடவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். தவணை தேதியிலிருந்து 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் விழும். மே 5-ஆம் தேதித் தவணை நின்றிருந்தால் ஆகஸ்ட் முதல் வாரம்வரைதான் உங்களுக்கு நேரம். படகுகள் இறங்கியதும் முதலில் வரும் பணத்தை மிகப் பழைய தவணைக்குக் கட்டுங்கள், அது தீர்ந்தால் நாள் கணக்கு அடுத்த தவணையிலிருந்து ஓடும். அதோடு, மீதிக் கடனுக்கு அட்டவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். வாராக்கடனாவதற்கு முன்பு கேட்பதற்கும் ஆன பிறகு கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. தவணை தாமதத்துக்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் அந்த அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக்கூடாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கு அறிக்கையை வாங்கி இதைச் சரிபாருங்கள். போன் தொல்லையைப் பொறுத்தவரை, காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. அழைத்தால் நேரத்தைக் குறித்துவைத்து, முதலில் வங்கிக்கே புகார் எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் செய்வது என்று 14448 என்ற எண்ணில் சொல்வார்கள்.

சாயல்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். வங்கி 14 சதவீதம் என்கிறது, ஒரு நிதி நிறுவனம் 12 சதவீதம்தான் என்கிறது. இரண்டுமே உத்தரவாதக் கடன் என்கிறார்கள். நிதி நிறுவனத்தில் வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகர், சாயல்குடி

"12 சதவீதம் எந்தக் கணக்கில்?" என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த துண்டுச் சீட்டில், 1 லட்சத்துக்கு 24 மாதம், மாதம் 5,167 ரூபாய் என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அது ஃப்ளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம்வரை முழு 1 லட்சத்துக்கும் வட்டி போடும் முறை. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ 21.5 சதவீதம். பதினான்கோடு ஒப்பிடவேண்டியது இந்த எண்ணைத்தான்.

2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும் சிறுதொழில் தவணைக் கடன் கொடுக்கும்போது முக்கிய விவர அறிக்கை என்ற தாளைத் தரவேண்டும். வட்டி, பிராசசிங் கட்டணம், காப்பீட்டுக்குப் பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பதும் விதியே, எனவே தமிழில் கேளுங்கள். இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு எண்ணைப் பாருங்கள், துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடுங்கள்.

நிதி நிறுவனம் என்றாலே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். வங்கி மூன்று வாரம் இழுப்பதை அவர்கள் மூன்று நாளில் முடிப்பார்கள், பதனீர் இறங்கும் சில மாதங்களுக்குள் சரக்குப் பிடிக்கவேண்டிய உங்கள் தொழிலில் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுங்கள். பருவம் முடிந்ததும் கடனை முன்கூட்டியே அடைத்துவிடும் எண்ணம் இருந்தால், அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அதே தாளில் பாருங்கள்.

தொண்டியில் நாட்டுப்படகு வைத்து மீன் பிடிக்கிறேன். வலை வாங்க இந்தக் கடன் கிடைக்குமா? இப்போது ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கித்தான் தொழில் நடக்கிறது.
— ஒரு வாசகர், தொண்டி

உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டை. 2 லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். வட்டி 7 சதவீதம், ஒழுங்காகத் திருப்பினால் அதில் 3 சதவீதம் குறையும். மீன்வளத் துறை அலுவலகத்தில் படகுப் பதிவுச் சான்றோடு போய்க் கேளுங்கள். ஏலக்காரரின் முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பிடித்த மீனை அவரிடம்தான் போடவேண்டும், அவர் சொல்வதுதான் விலை என்னும்போது, வட்டி மீன் விலைக்குள் இருக்கிறது.

நாங்கள் மண்டபம் பக்கத்தில் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழு. தனித்தனியாக முத்ரா வாங்குவதா, குழுவாகக் கடன் வாங்குவதா?
— ஒரு மகளிர் குழுவினர்

குழுவாகவே வாங்குங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் வரை ஈடும் கிடையாது, சேமிப்புக் கணக்கை முடக்கிவைப்பதும் கூடாது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான குழுக் கடனை, முன்பு சொன்ன குறுந்தொழில் உத்தரவாத நிதியில் சேர்க்கலாம். தனித்தனியாக முத்ரா வாங்கினால் ஒருவருடைய மிதவை புயலில் போனாலும் அவர் பெயரில் மட்டும் கறை படியும். குழுவில் அந்த இழப்பைப் பகிர்ந்து தாங்கலாம். அதற்காக, ஒருவர் கட்டாததை மற்றவர் கட்டும் சுமையும் உங்களுக்குத் தெரியாததல்ல.

கடன் பணம் கைக்கு வரும் மாதத்தைக் கவனியுங்கள். பாசி நட்டு ஏறத்தாழ 45 நாளில் அறுவடை வரும் தொழில் இது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மிதவையை இறக்கினால் கயிறுகூட மிஞ்சாது. ஆனால் தவணை அடுத்த மாதமே ஓடத் தொடங்கிவிடும். தை பிறந்த பிறகு பணம் வரும்படி விண்ணப்பத்தை அமைத்து, முதல் அறுவடை விற்கும்வரை இரண்டு மாதம் தவணை விடுப்புக் கேளுங்கள். மானியம் உண்டென்று யாராவது சொன்னால், அது எப்போது, யார் கணக்குக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக நிற்கும், அதை நம்பி வேறு கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று இடத்தில் சிபில் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். நான் வாங்கிய ஒரே கடனைக் கட்டி முடித்து நான்காண்டு ஆகிறது.
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

முதலில் அறிக்கையைப் பாருங்கள். சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இந்த விவரங்களைத் திரட்டுகின்றன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை பெறலாம். முடிந்த கடன் இன்னும் நிலுவையாக இருந்தாலோ, பேசித் தீர்த்த கடன் என்று பதிவாகியிருந்தாலோ, கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து நிலுவையில்லாச் சான்று வாங்கித் திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்பது 2024 முதல் உள்ள விதி. அதுவரை நான்காவது இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஏறும்.

வங்கிக்குப் போகும்போது என்னென்ன கொண்டுபோகவேண்டும்? என்னிடம் ஜி.எஸ்.டி.யும் இல்லை, வருமானவரிக் கணக்கும் இல்லை.
— ஒரு வாசகி, ஏர்வாடி

ஆதார், பான் அட்டை, ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்று ஆகியவை போதும். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரைமணி நேரத்தில் முடியும். ஜி.எஸ்.டி. இல்லாத குறுந்தொழில்களுக்கென்று உத்யம் அசிஸ்ட் என்ற பதிவு முறை 2023-இலிருந்து இருக்கிறது.

இவற்றோடு, நீங்கள் கைப்பட எழுதும் கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். கிளையில் இருந்தபோது ஒரு கருவாட்டுக்கார அம்மாவின் நோட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு, விளிம்பெல்லாம் உப்புப் பூத்து விறைத்திருந்தது. "சூடை 6 கூடை, உப்பு 1 மூட்டை, வண்டி, பரமக்குடிச் சந்தை" என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு நாள். மழை நாளில் "இல்லை" என்று ஒரு சொல் மட்டும். அதிலிருந்து எட்டு மாத வரவைக் கூட்டிப் பார்த்து, எந்தெந்த மாதத்தில் "இல்லை" அதிகம் என்று குறித்துக்கொண்டேன். தவணை அட்டவணையை அந்த அம்மாவுக்கு அப்படித்தான் போட்டேன்.